வரதராசா அண்ணை படகேறிய நாள்

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்துப் பிளாட்டில் இருக்கும் வரதராசா அண்ணை அளந்து கதைப்பவர். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்து முப்பது வருடம் ஊராரின் சத்தியக்கடதாசிகளைத் தட்டச்சுச் செய்தவர். சொந்தக் கதையைக் கேட்டால் மட்டும் பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மனைவி கௌரி யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் இறந்துபோனார், தொண்ணூற்று மூன்றில் மூன்று வயது மகள் மிதுனாவைத் தூக்கிக்கொண்டு இவர் கொழும்புக்கு வந்தார். இன்னொரு கல்யாணம் என்று வாயெடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்.

போன ஆடியில் மிதுனா மெல்பேர்னிலிருந்து ஆறு வயது மகள் சாயினியோடு வந்தாள். பிள்ளை தாத்தாவை அண்டவே இல்லை. பத்தாம் நாள்தான் அவர் விரலைப் பிடித்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவைப் படகில் சுற்றிப் பார்ப்போம் என்றாள் மிதுனா. என்னையும் கூட்டிப்போனார்கள்.

"நான் கரையில நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் அண்ணை.

"பேத்தி போகேக்குள்ள நீங்கள் கரையில நிண்டு என்ன செய்யப் போறியள்?" என்று நச்சரித்தது நான்தான். அந்த வாயை இன்றும் நொந்துகொள்கிறேன். சாயினி கையை நீட்டியதும் ஏறிவிட்டார்.

தீவின் பின்பக்கம் முழுதும் பாறை. அலை மோதிச் சிதற, இடுக்குகளிலிருந்து புறாக்கள் எழும்பின. சாயினி அவற்றை எண்ணிக்கொண்டு வந்தாள். அண்ணை பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். வயசுக்கோளாறு என்று எனக்குள் சிரித்தேன்.

"இதில தண்ணிக்கடியில பவளம், முருகைக்கல் எல்லாம் நல்லாத் தெரியும், பாருங்க" என்று படகோட்டி பாயிஸ் எஞ்சினை நிறுத்தினான்.

"படு! கௌரி, படு!"

அண்ணை பாய்ந்து சாயினியைக் கீழே அமுக்கி, அவள்மேல் குப்புற விழுந்தார். பிள்ளையின் உதடு பலகையில் பட்டுக் கிழிந்தது. மிதுனாவும் பாயிஸும் இழுத்தும் அவர் அசையவில்லை. எஞ்சின் மறுபடி ஓடிய பிறகுதான் பிடி தளர்ந்தது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வர எங்களுக்கு இருந்த வழி கிளாலிக் கடல்நீரேரி. படகில் எஞ்சினை நிறுத்தினால் கடற்படை கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் படுத்துவிட வேண்டும். நானும் அப்படி வந்தவள்தான். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

கரையில் அண்ணை தண்ணீர்ப் போத்தலை நீட்ட, சாயினி வீரிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, அம்மாவை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்றாள் மிதுனா.

அவர் போத்தல் மூடியைத் திருகி மூடினார்.

"கிளாலியில அம்மாவும் எங்களோட வந்தவவோ? காய்ச்சல் எண்டெல்லோ இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்!"

அண்ணை மணலில் உட்கார்ந்தார்.

"எஞ்சினை நிப்பாட்டினவங்கள். பிறகு சூடு விழுந்தது. நீ இந்தப் பக்கம், கொம்மா அந்தப் பக்கம். நான் உனக்கு மேல படுத்திட்டன். உன்னாலதான் அம்மா போனவ எண்டு நீ நினைச்சிடக்கூடாது எண்டுதான் காய்ச்சல் எண்டனான்."

மிதுனா பிள்ளையோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"கொம்மா என்னைக் கூப்பிட்டவ, பிள்ளை. எனக்குக் கேட்டது. நான் எழும்பேல்லை."