மீனுக்கு வச்ச மாவு

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல அந்த ஊர் உப்பை நாக்குல வச்சுப் பாப்பாக. ஓட்டல்ல இலை வாரதுக்கு முந்தியே மேசையில இருக்க உப்புக் குப்பியக் கவுத்து உள்ளங்கையில தட்டிருவாக. தூத்துக்குடிக்கு வடக்கே எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் இருக்கு. பாத்தித் தண்ணிய விரலால தொட்டு நாக்குல வச்சு, உப்புச் செறிவு இத்தனை டிகிரின்னு சொல்லுவாக. கருவிய வச்சுப் பாத்தா அரை டிகிரி மாறாது. அப்படிப்பட்ட மனுசன், போன ஐப்பசியில மழை விழுந்து அளத்து வேலை நின்னதும், "ஏளா, ராஜஸ்தான்ல கடலே இல்லாம ஏரியில உப்பு விளையுதாம்லா. போய்ப் பாத்துட்டு வருவமா?"ன்னாக.

"காருலயா?"

"பின்ன, தோணியிலயா?"

எனக்குந்தான் ஆசை. ஆனா நாய் வந்தாத்தான் நான் வருவேன்னுட்டேன். அளத்துல பம்ப்செட் கொட்டகைக்குள்ள குட்டியாக் கிடந்தவன் அவன். செவலை, எட்டு வயசு. பேரு ஒண்ணு வச்சோம், யாரும் கூப்பிடல. 'ஏலே'ன்னாத்தான் திரும்புவான். ஒருக்கா திருச்செந்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயி ரெண்டு நாள் தங்கிட்டோம், பக்கத்து வீட்டுல வச்ச சோத்தை மோந்துகூடப் பாக்கலையாம். நாங்க கூட இருந்தா மட்டும் கல்லைத் தவிர எல்லாத்தையும் திம்பான். பிள்ளைக ரெண்டும் கல்யாணமாகிப் போன பெறகு எங்களுக்கு நடுவுல பேச்சுக்கு ஆளு அவன்தான். "ஏலே, உங்கம்மாவுக்கு இன்னைக்குக் கோவம்லே"ன்னு அவுக அவன்கிட்ட சொல்லுவாக. "கேட்டுச் சொல்லு, மூணு தரம் கூப்பிட்டும் சாப்பிட வராதது யாருன்னு"ன்னு நானும் அவன்கிட்டதான் சொல்லுவேன். அவன் இல்லாத வீட்ட நெனச்சுப் பாக்கவே எனக்குப் பயமா இருக்கும்.

பின் சீட்டுல அவனுக்குப் பழைய ஜமக்காளத்தை விரிச்சோம். அந்த ஊர் உப்போட ஒப்பிட்டுப் பாக்கணும்னு எங்க அளத்து உப்பு ரெண்டு கிலோ பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டாக. கொண்டு போன மக்ரூன் மதுரை தாண்டுறதுக்குள்ள காலி.

எனக்கு வாயும் கண்ணும் சும்மா இருக்காது. போற வழியில ஒரு விசயத்தை மட்டும் விடாமப் பாத்துக்கிட்டே போனேன். நம்ம பக்கம் முந்தானை இடது தோள்ல கிடக்கு, வடக்கத்திப் பொம்பளைக வலது தோள்ல முன்னால விடுதாக. சரி, எந்த ஊர்ல வச்சு அது மாறுது? ஐதராபாத்ல இடது. நாக்பூர்லயும் இடதுதான். மத்தியப் பிரதேசத்துல ஒரு பெட்ரோல் பங்க்ல ரெண்டு விதமும் பக்கத்துல பக்கத்துல நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்துச்சு. "இங்கனதாங்க, இங்கனதாங்க!"ன்னு நான் கத்துன கத்துல அவுக டயர் போச்சோன்னு இறங்கிப் பாத்தாக.

அவுகளுக்கு அவுக ஆராய்ச்சி. ஒரு தாபாவுல மோர் குடிச்சவுக மூஞ்சியச் சுளிச்சாக. அதுல கருப்பு உப்புப் போட்டிருந்தான். "அட, அழுகுன முட்டை வாடைல்லா அடிக்கி! இதையுமா உப்புங்கான்?"ன்னாக. சொல்லிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சாக. நாய்க்கோ முதல் முதலா ஒட்டகத்தைப் பாத்த அன்னைக்குக் குரைக்கக்கூட வரல. அப்படியே குத்த வச்சு உக்காந்து அது ரோட்டைத் தாண்டுற வரைக்கும் பாத்தான். நம்ம ஊர்ல யாரு யாரை 'ஏலே'ன்னாலும் இவன் திரும்பிருவான்; அந்தப் பக்கம் அப்படிக் கூப்பிட ஆளே இல்ல, அதனால அவனை யாரும் தொந்தரவு பண்ணல.

அஞ்சாம் நாள் அந்த ஏரிக்குப் போனோம். வெள்ளை வெளேர்னு தரை, அலைச் சத்தம் இல்ல, மீன் வாடை இல்ல. எனக்கு என்னமோ வீட்டுல யாரும் இல்லாதப்ப உள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவுக அங்கன உப்பு வாருற பொம்பளைக கிட்ட எங்க உப்புல ஒரு கை குடுத்தாக. அவங்க நாக்குல வச்சுப் பாத்து, தங்களுக்குள்ள என்னமோ பேசி, ஒரு அம்மா கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனா. எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாக்கணுமே! நான் அந்த அம்மா குதிகாலைப் பாத்தேன். எங்க அளத்துல வேலை பாக்குற பொம்பளைகளுக்கு எங்கன வெடிக்குமோ அங்கனயே வெடிச்சிருந்துச்சு.

மறுநாள் காலையில பக்கத்துல ஒரு ஊர்ல குளத்தங்கரையில காரை நிறுத்துனோம். நாங்க பல் விளக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள படிக்கட்டுல வரிசையா இருந்த மாவு உருண்டைய நாய் ஒண்ணொண்ணா முழுங்கிக்கிட்டு இருக்கு. பத்துப் பன்னெண்டு போயிருக்கும். "ஏளா, எலி மருந்து!"ன்னு அவுக ஓடுனாக. எங்க உப்புக் குடோன்ல மூலைக்கு மூலை அப்படித்தான் மாவுல மருந்து வச்சு உருட்டி வைப்போம். வேற எதுக்கு ஒருத்தர் மாவை உருட்டி வெளிய வைக்கப் போறாக?

ரெண்டு கை உப்பை அள்ளித் தண்ணி பாட்டில்ல போட்டுக் குலுக்குனாக. வாயைப் பிளந்து பிடிச்சது நான்தான். ஊத்துன கொஞ்ச நேரத்துல பய எல்லாத்தையும் கக்கிட்டான். "மிச்சம் மீதி இருக்கப்பிடாது"ன்னு இன்னொரு பாட்டிலும் உள்ள போச்சு.

அப்ப ஒரு அம்மா தூக்குல மாவோட வந்து, படியில உக்காந்து உருட்டி, தண்ணிக்குள்ள எறிஞ்சா. குளம் கொதிக்கிற மாதிரி மீன் கூட்டம் மேல வந்துச்சு. காலையில எந்திரிச்சு மீனுக்குச் சாப்பாடு போடுறது அங்க புண்ணியமாம். கடல்ல இருந்து மீனை எடுக்கத்தான் எங்க ஊருக்குத் தெரியும், மீனுக்கு விருந்து வைக்கிறதை அன்னைக்குத்தான் பாத்தேன். ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

ஒரு மணி நேரம் போயிருக்காது. நாய் குளத்துத் தண்ணிய நக்கி நக்கிக் குடிச்சான். நிறுத்தவே இல்ல. பெறகு பின்னங்கால் பின்னுச்சு. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அள்ளிப் போட்டுக்கிட்டு வழி கேட்டுக் கேட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயசானவர், இங்கிலீஷ்ல பேசுனார். மாவுல எதுவும் கலந்திருக்குமோன்னு இவுக மாவு உருண்டைய மட்டும் சொன்னாக. "வேற ஏதாவது குடுத்தீங்களா?"ன்னு கேட்டார். "நத்திங் சார்"ன்னாக.

முன்னால ஒரு கோடையில எங்க அளத்துக்குள்ள வந்த ஆடு ஒண்ணு பாத்தித் தண்ணியக் குடிச்சிட்டு இப்படித்தான் காலை உதறிச் செத்துச்சு. ஆக, மாவு ஒண்ணும் பண்ணல, நாங்க ஊத்துனதுதான் விசம். எனக்கு அது தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அவுக வேணும்னே மறைக்காகன்னு நெனச்சேன். நாக்கால டிகிரி சொல்லுற மனுசன் உப்பாலயே சொந்த நாயைக் கொன்னுட்டாருன்னு ஊர் தெரியாத ஒரு ஆள் முன்னால ஆயிருமேன்னு இருந்துச்சு. டாக்டர் விசத்துக்கு மருந்து தேடி பீரோவைத் திறந்தார், யாருக்கோ போன் போட்டார். அப்படியே அரை மணி நேரத்துக்கு மேல ஓடிருச்சு.

நாய்க்கு வலிப்பு வந்துச்சு. கண்ணு மேல சொருகிருச்சு. அப்பத்தான் கத்துனேன்: "சால்ட்! நமக், நமக்! ரெண்டு பாட்டில்!"

டாக்டர் நெத்தியில அடிச்சுக்கிட்டார். உடனே டிரிப்ஸ் ஏத்துனார். தண்ணிய ஒரேயடியா விடாம கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்னார். "இதை வந்ததுமே சொல்லக் கூடாதா? முக்கால் மணி நேரம் வீணாப் போச்சே"ன்னு என்னைத்தான் பாத்துச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் உப்புங்கிற வார்த்தையவே அன்னைக்குத்தான் கேக்குத மாதிரி என்னைப் பாத்தாக.

ரெண்டு நாள் அந்த ஆஸ்பத்திரித் தரையில மாறி மாறி உக்காந்து, கரண்டியில தண்ணி விட்டோம். சோறு யாருக்கு இறங்குச்சு! மூணாம் நாள் காலையில தள்ளாடி எந்திரிச்சு வெளிய போயி, எங்க கார் டயர்லயே காலைத் தூக்குனான். நான் நடு ரோட்டுல நின்னு கை தட்டுனேன். ஒட்டகத்துக்காரன் ஒருத்தன் என்னைப் பாத்துட்டு அவனும் தட்டுனான்.

ஊருக்குக் காரைத் திருப்புனோம். வழியில அவுக சொன்னாக: "நான் மறைக்கலைளா. என்ன குடுத்தீங்கன்னு அவரு கேட்டப்ப உப்பு எனக்கு நெனப்புலயே வரல. காத்தைக் குடுத்தோம்னு யாராச்சும் சொல்லுவாகளா? அது மாதிரி. நீ மட்டும் ஞாபகமாச் சொல்லலைன்னா பய போயிருப்பான்."

அப்படியே விட்டிருக்கலாம். நல்ல பேராச்சே, சும்மா வாங்கி வச்சுக்கிட்டா என்ன? மனசு கேக்கல.

"ஞாபகம் வந்து சொல்லலைங்க. அவரு கேட்டப்பவே எனக்குத் தெரியும். நீங்க மறைக்கீகன்னு நெனச்சேன். உங்க மானம் போயிரக் கூடாதேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

வண்டிய ஓரம் கட்டுனாக. திட்டுவாகன்னு பாத்தேன், திட்டல. "எம்புட்டு வருசமாளா இப்படி என் மானத்தைக் காத்துக்கிட்டு இருக்க?"ன்னாக.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து."

"நான் கேட்டனா?"

வண்டி கிளம்பிருச்சு. மத்தியப் பிரதேசம் முழுக்க யோசிச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு தடவை கூட அவுக கேட்டதில்ல.