சூலத்தில் குத்திய எலுமிச்சை

ஆத்தாவின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹட் பே தீவிலிருந்து செல்வி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பூஜையில் எப்போதும் கடைசி வரிசையில், வாசல் பக்கம் உட்காருவேனே, அவள்தான். பாதி பூஜையில் எழுந்து போகிற திமிர் பிடித்தவள் என்று உங்களில் சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. எழுந்து போனது திமிரால் இல்லை, மூத்திரப்பை வலியால். இந்தச் சொல்லை வெளியே சொல்லவே எனக்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது.

அடிவயிற்றில் மிளகாயை அரைத்து அப்பியதுபோல் எரியும். போனால் நாலு சொட்டு. திரும்பி வந்து தையல் மெஷினில் உட்காருவதற்குள் மறுபடி முட்டும். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். பஸ் ஏறப் பயம், கல்யாண வீட்டுக்குப் போகப் பயம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து படுத்தாலே சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டெஸ்ட் எடுத்தால் கிருமி எதுவும் இல்லை என்று வரும். "ஒண்ணுமில்லையேம்மா, மனசைத் தைரியமா வெச்சுக்கங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு யாராவது இப்படி அழுவார்களா?

ஆத்தா காலில் விழுந்தேன். சூலத்தில் குத்தி வைத்த எலுமிச்சையை வாங்கி வந்து, ஒரு மண்டலம் வெறும் வயிற்றில் பிழிந்து குடிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எலுமிச்சை குளிர்ச்சி, சூட்டைத் தணிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதுதானே. மண்டலம் முடிந்தபோது வலி கூடியிருந்தது. பக்தியில் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று இன்னொரு மண்டலம் ஆரம்பித்தேன். பிறகு இன்னொன்று. கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்ற நாட்களும் உண்டு. ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன ஆடியில்தான் போர்ட் பிளேரில் ஒரு டாக்டரம்மா என் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார். மெயின்லேண்ட் டாக்டர்கள் இந்த வலி உள்ள பெண்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார். மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் செலுத்துவார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத நீர். யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

என்ன சாப்பிடுகிறேன், என்ன குடிக்கிறேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். எலுமிச்சையைச் சொன்னேன். "அதை முதல்ல நிறுத்துங்கம்மா. புளிப்பு உங்க வலியைத் தூண்டிவிடும். நிறுத்திட்டு வந்தாத்தான் உங்களைச் சேர்க்க முடியும்" என்றார்.

மண்டலம் பாதியில் நிற்கிறது. ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கை முறித்தால் இன்னும் என்னென்ன வந்து சேருமோ? முறிக்காவிட்டால் இருக்கிற இந்த ஒரு வழியும் அடைபடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். "ஆத்தா, என்னால முடியல. நீ நேர்ல வர வேணாம். யார் வாயிலயாவது ஒரு வார்த்தை சொல்லு." வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்தில் ஒரு பெங்காலிப் பெண், என்னைப் போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஷெஃபாலி. போர்ட் பிளேரிலேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீடு. அவளுக்கும் அதே வலி, அதே ஆராய்ச்சி. "க்யா ஹுவா, தீதீ?" என்ன ஆச்சு அக்கா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் காளியைக் கும்பிடுகிறவள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மா கோ தே தியா நா? ஃபிர் வாபஸ் க்யோன் லேதீ ஹோ?"

அம்மாவிடம் கொடுத்துவிட்டாய் அல்லவா, பிறகு ஏன் திரும்ப வாங்குகிறாய்?

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சூலத்தில் பழம் குத்துவது எதற்கு? நம் மேல் இருக்கிற பொல்லாங்கை அவள் வாங்கிக்கொள்ளத்தானே? அவள் வாங்கிக்கொண்டதை நான் தினமும் பிடுங்கி வந்து குடித்திருக்கிறேன். தமிழில் சொன்னால் இந்த மண்டைக்கு ஏறாது என்று இந்தியில் சொல்ல ஆள் அனுப்பியிருக்கிறாள்.

நிறுத்தினேன். ஆராய்ச்சியில் சேர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் கப்பலில் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்துதான் போனேன். குழாய் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஆத்தா பெயரைச் சொல்வேன். இரண்டாவது பயணத்தில் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கப்பலேறும் ஜெட்டிக்கு வந்து நின்றார். "நானும் வர்றேன். கதவுக்கு வெளிய நான் நிக்கிறேன், நீ பயப்படாத" என்றார். அன்றைக்குக் கப்பலில் நான் அழுதது வலியால் இல்லை.

பொய் சொல்லிப் பக்தி வளர்க்கமாட்டேன். வலி போய்விடவில்லை, பாதி குறைந்திருக்கிறது. எனக்குள் போனது மருந்தா வெறும் நீரா என்று இன்றுவரை தெரியாது. எலுமிச்சையை விட்டதாலோ என்னவோ, அதுவும் தெரியாது. சில நாள் இன்னமும் சுருண்டுதான் கிடக்கிறேன். ஆனால் ஒரு ஜாக்கெட்டை எழுந்திருக்காமல் தைத்து முடிக்கிறேன். பாய் கூடத்திலிருந்து உள்ளே வந்துவிட்டது. கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்க மட்டும் போகிறேன்.

ஷெஃபாலிக்கு இந்தப் பாதி நிம்மதிகூட இல்லை. நடுவில் ரத்தம் போக ஆரம்பித்து, ஆராய்ச்சியை விட்டு விலகிவிட்டாள். போனில் கேட்டால் "டீக் ஹூன், தீதீ" என்கிறாள். நன்றாக இல்லை என்பது குரலிலேயே தெரிகிறது. எனக்கு வாக்குச் சொன்ன வாய்க்கு நீ ஏன் இரங்கவில்லை என்று ஆத்தாவிடம் சண்டையே போட்டிருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கடைசி வரிசையில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வெட்கத்தை அவள் காலடியில் வைத்துவிட்டு, வலியை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவள் எந்த வாயால், எந்தப் பாஷையில் பதில் சொல்வாள் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். நம்பிக் கேளுங்கள். எனக்குக் கொஞ்சம் கொடுத்தாள். அந்தக் கொஞ்சத்தில்தான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

இப்போது செவ்வாய்தோறும் சூலத்தில் இரண்டு பழம் குத்துகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று ஷெஃபாலிக்கு. பூஜை முடிந்ததும் பூசாரி எடுத்து நீட்டுவார். "வேணாம்ணே, அவகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறேன்.