கேள்விக்குறியாருக்கு வாசித்த பாராட்டுரை

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். அவர் யாரையும் கேள்வி கேட்டதாகச் சரித்திரமே இல்லை. பெயர் அவர் கட்டிக்கொண்டு அழுத எடிட்டரால் வந்தது. கம்ப்யூட்டரில் எழுதியதைத் திருத்துகிற கருவி அது, ஆதி காலத்துச் சரக்கு. பக்கம் கண்ணுக்குத் தெரியாது, மவுஸ் வேலை செய்யாது. இந்த வரியைத் தேடு, அதை எடுத்துவிட்டு இதைப் போடு, சேமி என்று ஒவ்வொன்றையும் கட்டளையாகத் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால் ஒற்றைக் கேள்விக்குறியைக் காட்டும். என்ன தப்பு, எங்கே தப்பு என்று மூச்சு விடாது. அதனோடு குடித்தனம் நடத்தி நடத்தி இவரும் அப்படியே ஆகிப்போனார். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் புருவத்தைத் தூக்குவார். அர்த்தத்தை நான்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தார்கள். மனுஷர் அசரவில்லை. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டால் அது தானாக ஓடித் திருத்திவிடும், பார்க்கக்கூட வேண்டாம் என்பார். பார்க்க வேண்டாம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு எதிரே நின்றபோதும் அவர் பார்க்கவில்லை, அது வேறு கதை.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு மேனேஜர் வாசிக்கும் பாராட்டுரை இந்த வழியில்தான் தயாராகும். போன ஆளின் உரையை எடுத்து, பெயரை மாற்று, சேமி. பிரிவை மாற்று, சேமி. கடைசியாக, சுறுசுறுப்பைப் புகழும் பத்தியைத் தேடிப்பிடித்து நேர்மையைப் போடு. அடுத்த ஆளுக்கு நேர்மையை எடுத்துவிட்டுச் சுறுசுறுப்பு. தேடியது கிடைக்காவிட்டால் எடிட்டர் கேள்விக்குறியைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். தானாக ஓடும்போது அது எதற்குத் தொந்தரவு என்று அதன் வாயையும் கட்டி வைத்திருந்தார் மகானுபாவர்.

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்றபோது மட்டும் அதிசயம் நடந்தது. பழைய பத்தியை அழித்துவிட்டு இவரே உட்கார்ந்து எழுதினார். எனக்குப் படித்தும் காட்டினார். ‘வாடிய முகத்தோடு ஏறுகிற யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இவர் இறக்கிவிட்டதில்லை. நம் வீட்டுக் கவலைகள் நமக்கு மறந்தாலும் இவருக்கு மறக்காது.’ இத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்குக் கண் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விழாவில் அதைக் கேட்டு லிஃப்ட்காரர் அழுதுவிட்டாராம்.

அடுத்து ஓய்வு பெற்றது இவரே. “எனக்கு மேனேஜரே சொந்தமா எழுதறேன்னு சொல்லியிருக்கார்” என்று சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார். மறுநாளும் வந்து அதையே சொன்னார். வாயைத் திறக்காத மனுஷன் வலிய வந்து சொன்னால் எவ்வளவு ஏங்கியிருக்க வேண்டும்! தன்னைப் பற்றி யாராவது ஒரு வரி நிஜமாகச் சொல்லிவிட மாட்டார்களா என்று கிடந்தார். சட்டையைக்கூட அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

விழா அன்று காலையில் மேனேஜர், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, வழக்கம்போல நீங்களே ஓட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவரும் ஓட்டினார். தன் புகழைத் தானே படிக்கக் கூச்சம். பார்க்காமலேயே அச்செடுத்து நீட்டிவிட்டார்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேனேஜர் வாசித்தார். பெயர் சரி, பிரிவு சரி. அப்புறம், “வாடிய முகத்தோடு ஏறுகிற யாரையும்...” என்று ஆரம்பித்தாரே பார்க்கலாம், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன ஆளின் உரை என்றால் லிஃப்ட்காரருடையது. அதில் எடிட்டர் சுறுசுறுப்பைத் தேடியிருக்கிறது, காணோம், சத்தம் காட்டாமல் நின்றுவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத கீழ்த்தள அறையில் காலம் தள்ளிய மனுஷன் யாரை ஏற்றினார், யாரை இறக்கினார்? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருந்த கணக்கர் அம்மாள், நூற்றுக்கு நூறு உண்மை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

விழாவுக்கென்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லாயிருந்துச்சு சார். எனக்காக எழுதினதுன்னு நெனச்சு ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன். எல்லாருக்கும் இதுதான்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

இவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, இல்லண்ணே. அது உங்களுக்குன்னே நான் எழுதினது. எனக்குத்தான் யாரும் எதுவும் எழுதல.”

“விடுங்க சார். மிஷின் பண்றதுக்கு நீங்க என்ன செய்வீங்க” என்று தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்தார்.

இவர் என் கையைப் பிடித்தார். நாலு பேர் நடுவில் பிடித்தது அதுதான் முதல் தடவை. “நீ போய்ச் சொல்லேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார்.”

ஓடினேன். லிஃப்ட் வாசலில் அவரை மறித்து, எழுதியதையும் எனக்குப் படித்துக் காட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது என்றுகூட விசாரித்தார்.

“வீட்டுக்காரரை விட்டுக் கொடுக்காம பேசறீங்கம்மா, நல்லாயிருங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பட்டனை அழுத்திக்கொண்டார்.