கடைவாய்ப்பல்லில் ஒரு புழு

“அம்மா, பல்லுக்குள்ள நெசமாவே புழு இருக்கா?”

என் மகள் இப்படிக் கேட்டு இன்றோடு நான்கு நாள் ஆகிறது. இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் வந்து, பல்லுக்குள் புழு இருக்கிற படம் ஒன்றை வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இல்லை என்று சொன்னால் நாளை முதல் பல் தேய்க்க மாட்டாள். இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சமயநல்லூரிலிருந்து வயல் வழியாக நடந்து போகிற ஊர். அப்பா பிறர் நிலத்தில் பங்கு வாரத்துக்குக் கத்திரி போட்டிருந்தார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். எங்கள் தெருவில் பல் விளக்க அடுப்புச் சாம்பல். கொஞ்சம் வசதியானவர்களுக்குச் செங்கல் பொடி. நான் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறேன் என்பதே வீட்டில் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஆறாம் வகுப்புக்குச் சமயநல்லூர் வரை நடக்க வேண்டும். “பொட்டப்புள்ளைக்கு எம்புட்டுப் படிப்புதேன் வேணும்?” என்று அப்பா கேட்பார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

அந்த வருடம்தான் ஜீப்பில் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு பொட்டலம் பல்பொடி கொடுத்தார்கள். போகும்போது ஒரு படத்தை வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். குறுக்கே வெட்டினாற்போல் ஒரு கடைவாய்ப்பல். அதன் குழிக்குள் ஒரு பச்சைப் புழு உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புழுவுக்குப் பல் வரிசை அழகாக இருந்தது.

“படிக்காதவங்க வீட்டுல நீங்கதான் டீச்சர். போய் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும்” என்றார் எங்கள் டீச்சர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். இப்போதும் அப்படித்தான், அதனால்தான் எதைச் செய்தாலும் பிறகு உட்கார்ந்து யோசிக்கிறேன்.

எனக்குக் கிடைத்த ஒரே மாணவி, பள்ளிக்கூடம் சேராத ஐந்து வயதுத் தங்கை. அவளுக்குக் கடைவாயில் கருப்பாக ஒரு குழி. சோறு மென்றாலே அழுவாள். வாசலில் வெயிலைப் பார்த்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஆமாம், புழு உள்ளேதான் இருக்கிறது என்று அறிவித்தேன்.

“அது காதுக்குள்ள வந்துருமா அக்கா?”

“வரலாம்.”

“எடுத்துரு அக்கா.”

எடுக்க எனக்கு வழி தெரிந்திருந்தது. கத்திரிச் செடிக்கு அப்பா வெள்ளைப் பொடி ஒன்றைத் துணியில் முடிந்து, விடிந்ததும் செடி செடியாக உதறிக்கொண்டே போவார். மறுநாள் புழுக்கள் சுருண்டு கிடக்கும். நான் பொறுக்கியிருக்கிறேன். படத்தில் இருந்ததும் அதே புழு, அதே பச்சை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாட்டுக் கொட்டத்துக் கூரையில் செருகியிருந்த முடிச்சை எடுத்து அவிழ்த்தேன். ஈர விரலால் பொடியைத் தொட்டுத் தங்கையின் பல் குழியில் அடைத்தேன். ஒரு தடவை போதாதோ என்று மூன்று தடவை. “துப்பக் கூடாது. துப்புனா புழு சாகாது” என்றேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் கட்டி, வகுப்பில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வாந்தி. பிறகு வாயோரம் நுரை. பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மத்தியானக் கஞ்சிக்கு வந்த அம்மா அதைத்தான் பார்த்தாள். நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன்: படம், புழு, பொடி. அவள் என்னை அடிக்கவில்லை. தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். நெல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். டாக்டர், “யாரும்மா இதைக் குடுத்தது?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“நாந்தேன் சாமி. வெள்ளையா இருந்துச்சு. பல்பொடின்னு நெனச்சுத் தேச்சுவிட்டுட்டேன்.”

அந்த அறையில் இருந்த எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் திட்டியதை அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அப்பாவும் அத்தையும் வந்தபோதும் அதையே சொன்னாள். தங்கை பிழைத்தாள். அப்பா ஒரு மாதம் அம்மாவுடன் பேசவில்லை. அத்தை விடவில்லை, கல்யாண வீடுகளில், “ஏ, அவ கையில பல்பொடி கில்பொடி வாங்கிறாதீக” என்பாள். ஊரே சிரிக்கும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அம்மா முதல்முறையாக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நடவிலிருந்து நேராக வந்ததால் காலில் சேறு காய்ந்திருந்தது. வாசற்படியில் நின்றபடியே சுவரில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள். டீச்சரை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். டீச்சர் சட்டென்று சுவரில் கை ஊன்றிக்கொண்டார். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து நான் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. டீச்சரோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் படத்தில் புழு இல்லை. அந்த இடத்தில் சோற்றுப் பருக்கையால் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. டாக்டர்கள் வந்து மருந்து வைத்துப் புழுவைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் மருந்தும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாடத்தால் வந்த வினை என்று தெரிந்திருந்தால் என் படிப்பை நிறுத்த அப்பாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும். அதை அறிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. தங்கை இப்போது மேல்படிப்புக்காகக் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தோழிகளிடம், “எங்கம்மா எனக்குப் புழு மருந்துல பல் தேச்சுவிட்டாக” என்று சொல்லிச் சிரிப்பாளாம். போன மாதம் அம்மாவிடம் பேச்செடுத்தேன். “அதெல்லாம் எதுக்குடி இப்ப?” என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

என் மகளின் டீச்சரிடம் போய், அந்தப் புழுவின் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள் என்று சொல்ல நினைக்கிறேன். ஏன் என்று கேட்பார். சொன்னால், இத்தனை வருடம் அம்மா சுமந்த பொய் உடைந்துபோகும். சொல்லாவிட்டால், என் மகளைப்போல் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைகள் அந்த வகுப்பில் எத்தனை பேரோ தெரியாது. நான் என்ன செய்யட்டும்? புழுவைக் காட்டிப் பயமுறுத்தாமல் ஒரு குழந்தையைப் பல் தேய்க்க வைப்பது எப்படி? பெயர் போடாமல்தான் இதை எழுதுகிறேன், தெரிந்தவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள். இன்று காலையிலும் அவள் வாயைத் திறந்து காட்டிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.