எங்க தெருப் பிள்ளை

என் அம்மா பேராச்சி சினிமாவைச் சும்மா பார்க்கமாட்டாள், அதில் தலையிடுவாள். வாரமெல்லாம் தாராவியில் தோல் கிடங்கில் வேலை. ஞாயிறு காலை மாட்டுங்காவில் தமிழ்ப்படம் போட்டால் முன்வரிசையில் உட்கார்ந்து, ஏமாறப்போகும் கதாநாயகிகளுக்கெல்லாம் உரக்க எச்சரிக்கை கொடுப்பாள்.

நானோ அப்போது நாசூக்கைப் பழகிக்கொண்டிருந்தேன். 1964இல் பத்தாவது படித்தபோது, ஆபீஸ் உத்தியோகக்காரர் மகள் ஷ்யாமளா எனக்குச் சிநேகிதியானாள். அவர்கள் வீட்டுப் படியேறியதும் என் குரல் தானாகப் பாதியாகிவிடும். "போதும் மாமி, வேண்டாம் மாமி" என்று நான் குழைவதைக் கேட்டால், அது பூமாரிதான் என்று எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். ஷ்யாமளாவின் அம்மா ஒருநாள், "உங்கம்மாவை ஒரு தரம் அழைச்சுண்டு வாயேன்" என்றபோது பதறிப்போய், "அம்மா படுத்த படுக்கை மாமி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் மாமி எங்கள் இருவரையும் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். கதாநாயகி பால் டம்ளரை எடுத்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏளா, குடிக்காத! மருந்து கலந்திருக்கான்!"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. கதாநாயகி குடித்தாள். "சொன்னேம்லா, கேட்டாளா?" என்று அம்மா நொந்துகொண்டாள்.

இடைவேளையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு திரும்பிய அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து நேராக வந்தாள். நான் உடனே கூரையில் மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று ஆராயத் தொடங்கினேன். அம்மா இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள்.

"பூமாரியைத் தெரியுமா உங்களுக்கு?" என்று மாமி கேட்டார்.

"தெரியாம என்ன? எங்க தெருப் பிள்ளைலா."

"அப்படியா! இவ அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? படுத்த படுக்கைன்னாளே."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா, பாவம்" என்றாள். "எந்திரிக்கவே முடியல."

தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் போகும்போது என் கையில் வைத்துவிட்டுப் போன கடலையை, படம் முடியும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா பாயில் நீட்டிப் படுத்திருந்தாள்.

"பசிக்கும்மா" என்றேன்.

"அதுக்கு நான் என்னளா செய்ய? நான் படுத்த படுக்கைலா."

அந்த வாரம் முழுக்க அவள் கிடங்கிலிருந்து வந்ததும் நோயாளி ஆகிவிடுவாள். குழாயடியில் வரிசை நின்றது நான், சோறு வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டது நான். போதாக்குறைக்கு நோயாளிக்கு என்று மாமி எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார். அம்மா எழுந்து உட்கார்ந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு துண்டு தந்தாள், ரொம்ப யோசித்துவிட்டு.

பிறகு மாமி, "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்" என்றார். வேறு வழியில்லை. பாதிக் குரலும் போய், "மாமி, அன்னிக்கு தியேட்டர்ல பாத்தீங்களே, அவங்கதான் எங்கம்மா" என்றேன்.

"தெரியுமேடி. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நீ விசிறியைப் பார்த்த அழகுலேயே புரிஞ்சு போச்சு." கொஞ்சம் பொறுத்து, "ஊறுகாய்க்கு என்ன சொன்னா?" என்றார்.

"உப்பு கம்மின்னாங்க."

"வாஸ்தவந்தான்."

எல்லாம் தெரிந்தே மாமி அம்மாவையும் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டதை வீட்டில் வந்து சொன்னேன். அம்மா, "நான் வரலாமா, அவிய முன்னால?" என்று கேட்டாள். தெருவையே அதட்டுகிறவள் அதை மெல்லிய குரலில் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த படத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போனோம். "சத்தம் போடாம பாருங்கம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். "சரிளா, சரி" என்றாள். வில்லன் கதவைத் தட்டியதும் கத்தினாள். காது சிவந்தது, ஆனாலும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்தேன்.