கெந்திங் இறக்கத்தில் கழன்ற டயர்

சைக்கிளின் முன் சக்கரத்திலிருந்து டயரை உரித்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டபோதுதான் சடக்குக்கு, அதாவது ரோட்டுக்கு, கீழேயிருந்து அந்த முனகல் கேட்டது. முதலில் ஆடு என்று நினைத்தேன். யாரோ புல்லுக்குக் கட்டிவைத்த ஆடு கயிற்றில் சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, சீட்டுக்கு அடியில் கட்டியிருந்த ஸ்பேரை அவிழ்க்கப் போனேன். இரண்டாவது தடவை கேட்டபோது அது ஆடு இல்லை என்று தெரிந்துவிட்டது.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. ஒட்டிய டயர்

யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் காசிம் நானாவின் சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். பால்காரர், ரொட்டிக்காரர், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி என்று எல்லோருடைய சைக்கிளும் வரும். அவற்றுக்கெல்லாம் சாதாரண டயர்தான். ரேஸ் ஓட்டுபவர்களின் சைக்கிளுக்கு மட்டும் டியூபுலர்.

இன்றைய பிள்ளைகள் டியூபுலரைப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் டியூபைச் சுற்றி டயரையே பை போல மூடித் தைத்திருப்பார்கள். அதை ரிம்மின் மேல் பசை தடவி ஒட்டவேண்டும். எடை குறைவு, ஓட்டம் சுகம். ஆனால் பஞ்சர் ஆனால் வழியில் ஒட்டுப்போட முடியாது. தையலைப் பிரித்து, ஓட்டையைத் தேடி, ஒட்டி, மறுபடி தைத்து முடிக்க மேசையும் வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். ஆகையால் ஓட்டுபவர் ஸ்பேர் டயர் ஒன்றை மடித்து சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு போவார். பஞ்சரானதை உரித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பேரை மாட்டி, காற்றடித்துப் புறப்படவேண்டியதுதான்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ரிம்மில் மிச்சமிருக்கும் பழைய பசையை நம்பித்தான் ஸ்பேர் உட்கார்ந்திருக்கும். நானா என்னை முதல்முதலாக ரேஸ் ஓட்டக்காரர்களோடு அனுப்பியபோதே சொல்லிவிட்டார்.

"தம்பி, ஸ்பேர் மாட்டுனா வீட்டுக்கு வர்ற மாதிரி வா. ரேஸ் ஓட்டுற மாதிரி வராத. கோனர்ல சாய்ச்சே, கழண்டு போயிரும் லா. முன்னாடி சக்கரம்னா பல்லு போயிரும்."

துரைரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் கிளார்க், தீவைச் சுற்றி நடக்கும் சைக்கிள் ஓட்டத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் துணையாக நானும் கடையின் ரேஸ் சைக்கிளில் போவேன். பாயான் லெப்பாஸ் வழியாகத் தெற்கே போய், கெந்திங் மேடு ஏறி இறங்கினால் பாலிக் பூலாவ். அன்று மேட்டு உச்சியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இறக்கத்தில் பறந்து மறைந்தார். நான் பின்னால் இறங்கத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே முன் சக்கரம் 'உஸ்ஸ்' என்றது. கருங்கல் சில்லு ஒன்று டயரைக் கீறியிருந்தது.

2. சரிவில்

"யாரு அது?" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"தம்பி... இங்க..."

பொம்பளைக் குரல், அதுவும் தமிழ். வேர்களையும் செடிகளையும் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கினேன். கிராம்பு மரம் ஒன்றின் அடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். பக்கத்தில் ஒரு புல்லுக்கட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு அரிவாள். கட்டோடு ஏறும்போது கால் வழுக்கி, கையிலிருந்த அரிவாளின் மேலேயே விழுந்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே ஆடுசதை பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவளைச் சுற்றிப் புல்லெல்லாம் கறுத்துக் கிடந்தது. அது ரத்தம் என்று என் மூளைக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த பூச்சிச் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

அவள்தான் பேசினாள். "பாத்துக்கிட்டே நிக்காத தம்பி. எதையாச்சும் வச்சுக் கட்டு."

கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். அது உடனே நனைந்து ஒழுகியது. ஒருமுறை கடையில் ஒருவருக்கு விரல் நசுங்கியபோது, காயத்துக்கு மேலே நானா ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். தோளில் கிடந்த டயர் ஞாபகம் வந்தது. காற்றில்லாத டியூபுலர் நாடா போலத் தட்டையாக, வளைந்து கொடுக்கும். அதை முழங்காலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு கிளையை ஒடித்து முடிச்சுக்குள் செருகி முறுக்கினேன். அவள் அலறிய அலறல் மலை முழுக்கக் கேட்டிருக்கும். ரத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கசிவாக நின்றது.

"பேரு என்னக்கா?"

"அஞ்சலை. எங்க வீட்டுக்காரரு சடக்கு வேலை. அந்தப் புல்லுக்கட்ட மேல ஏத்தி வச்சிரு தம்பி, மாடு பட்டினி கெடக்குது."

உயிர் போய்க்கொண்டிருக்கும்போது மாட்டை நினைக்கிறாளே! அவளைத் தூக்கிப் பார்த்தேன். அந்தச் சரிவில் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. இருவரும் உருண்டிருப்போம்.

"அக்கா, பாலிக் பூலாவ் ஆஸ்பத்திரிக்குப் போயி ஆள் கூட்டியாறேன். இந்தக் குச்சிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. விட்டுறாதீங்க. இதோ வந்துர்றேன்."

அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். வலியில் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

3. இறக்கம்

சடக்கில் ஒரு வண்டியும் இல்லை. ஸ்பேரை மாட்ட உட்கார்ந்தேன். கடையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. முதலில் வால்வை ரிம் ஓட்டையில் விடவேண்டும். பிறகு இரண்டு பக்கமும் டயரை இழுத்துக்கொண்டே வந்து, கடைசித் துண்டைக் கட்டைவிரல்களால் புரட்டி ஏற்றவேண்டும். அந்தக் கடைசித் துண்டு ஏறவில்லை. கையெல்லாம் ரத்தம், ரப்பர் வழுக்கியது. மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடி முயன்றேன். கீழே இருந்து சத்தமே வரவில்லை. அது முனகலைவிட மோசமாக இருந்தது. எப்படியோ டயர் ஏறியது. கோணலாக உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. நேராக்க மனசு நிற்கவில்லை. காற்றை அடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் பிரேக் பிடித்து மெதுவாகப் போனேன். அடுத்ததிலும் அப்படித்தான். இப்படிப் போனால் அவள் செத்துப்போவாள் என்று தோன்றியது. பிரேக்கை விட்டேன். அடுத்த வளைவில் சாய்த்தபோது, ஹேண்டில்பார் என் கையைவிட்டு வேறெங்கோ திரும்புவது போல் இருந்தது. டயர் ரிம்மிலிருந்து பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்துவிட்டது. வெறும் ரிம் கல்லில் கிறீச்சிட்டதைக் கேட்டேன். பிறகு நான் சடக்கில் முகம் குப்புறக் கிடந்தேன்.

பல் போகவில்லை. முழங்கையும் தாடையும் உரிந்திருந்தன. முன் சக்கரம் எட்டு போல வளைந்திருந்தது. எழுந்து சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கொஞ்ச தூரத்தில் துரைரத்தினம் சார் எதிரே ஏறி வந்தார். என்னைக் காணாமல் திரும்பி வந்திருக்கிறார்.

"என்ன ஐசே, எவ்வளவு நேரமா உம்மைப் பாத்துக்கொண்டு நிக்கிறது?" என்றவர் கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். "ஐயோ! இவ்வளவு இரத்தமோ? எங்க பட்டது?"

"என்னோடது இல்ல சார். மேல ஒரு பொம்பள, கால் வெட்டுப்பட்டுக் கெடக்குறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆளும் வண்டியும் வேணும்."

"நீர் அங்க போய் நில்லும். நான் கெதியா வாறன்," என்று சைக்கிளைத் திருப்பினார். அவருடைய டயர்கள் கடையில் ஒட்டிக் காய்ந்தவை. அந்த வளைவுகளில் அவர் சாய்த்துக்கொண்டு இறங்கியதைப் போல எந்த ஓட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

நான் மேலே ஓடினேன். சரிவில் விழுந்து எழுந்து இறங்கிப் பார்த்தபோது குச்சி அவள் கையில் இல்லை. மடியில் கிடந்தது. டயர் தொளதொளவென்று தளர்ந்து முழங்காலில் இறங்கியிருந்தது. ரத்தம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது.

"அக்கா! அஞ்சலக்கா!"

மூச்சு இருந்தது. மறுபடி முறுக்கினேன். இந்தத் தடவை அவள் அலறவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஆஸ்பத்திரி லோரி வரும்வரை அந்தக் குச்சியை விடவே இல்லை. என்னென்னவோ பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸரும் இரண்டு ஆட்களும் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். டிரெஸர் குனிந்து பார்த்தார். "என்னப்பா இது, டயரா?"

"ஆமாங்க."

"அப்படியே இருக்கட்டும். யாரும் அவுக்காதீங்க."

அதன்பிறகு நான் சடக்கோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். துரைரத்தினம் சார் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

4. அவள் சொன்னது

கால் தப்பியது. பாதம் மட்டும் முழுக்க மடங்காது என்றார்கள். இரண்டு வாரம் கழித்து நானும் துரைரத்தினம் சாரும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனோம். அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை.

அன்றிலிருந்து மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஏன்க்கா குச்சிய விட்டீங்க? மயக்கமாயிருச்சா?"

"இல்ல தம்பி. நானாத்தான் அவுத்தேன்."

எனக்குப் புரியவில்லை. துரைரத்தினம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு காரு நின்னுச்சு," என்றாள் அவள். "நான் கத்துனது கேட்டு ரெண்டு பேரு எறங்குனாங்க. மேல நின்னு எட்டிப் பாத்தாங்க. நல்லா உடுத்துனவங்க. நம்ம ஆளுங்கதான், தமிழ்லதான் பேசுனாங்க. 'இரும்மா, ஆள் கூட்டிட்டு இதோ வந்துர்றோம்'னு சொன்னாங்க. காரு கீழ எறங்கிப் போற சத்தம் கேட்டுச்சு. வருவாங்க வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எம்புட்டு நேரம்னு தெரியல. வெயில் ஒரு மரத்துலேருந்து அடுத்த மரத்துக்குப் போயிருச்சு. அப்புறந்தான் நீ வந்த."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் அதையேதான் சொன்ன. இதோ வந்துர்றேன்னு. வலி உயிர் போச்சு தம்பி. யாரும் வரப்போறதில்ல, எதுக்கு இந்த வலின்னு அவுத்து விட்டுட்டேன்."

வார்டில் யாரோ இருமினார்கள். துரைரத்தினம் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தக் கார் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. பாலிக் பூலாவ் பக்கம் இறங்கியவர்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போயிருக்கவேண்டும். பினாங்கில் நல்ல உடுப்புப் போட்டவர்கள் கடைக்கு வரும்போதெல்லாம், இவர்களாக இருக்குமோ என்று நெடுநாள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு பல வருஷம் ஓட்டக்காரர்களோடு வழித்துணைக்குப் போனேன். இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில உண்டு. ஸ்பேருக்கு வீட்டிலேயே பசை தடவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். மாட்டியபின் சக்கரத்தைச் சுற்றவிட்டு டயர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், உயிர் போகிற அவசரமானாலும் பாருங்கள். நேராக்கியிருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, யாரையாவது வழியில் விட்டுவிட்டு உதவிக்குப் போகவேண்டி வந்தால், வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை தஞ்சோங் பூங்கா கடற்கரைச் சடக்கில் ஒருவர் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். நான் போகவேண்டியிருந்தது. என் இரண்டு சப்பாத்தையும் கழற்றி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

"எதுக்குலா இது?" என்றார்.

"நான் திரும்பி வரணும்ல," என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு பெடலை மிதித்தேன்.