பிரேக்குக்குப் போகும் கை

கிவு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கிசெனி ஊரில் கதேராவைத் தெரியாத சைக்கிள் டாக்ஸிக்காரன் கிடையாது. அவனும் பன்னிரண்டு வருடமாகச் சைக்கிள் பின்சீட்டில் ஆள் ஏற்றுகிறான். அவனுடைய இரும்பு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, கோணிய சக்கரத்தை நேராக்குவது எல்லாம் நான்தான். அவன் சைக்கிளும் எனக்குத் தெரியும், அவன் முழங்கால் வலியும் தெரியும்.

முப்பத்தாறு வயதில் ஒருநாள் என் கடைக்கு வந்து, இந்த வருடம் ஏரிக்கரையில் நடக்கிற டிரையத்லான் போட்டிக்குப் போகப்போகிறேன் என்றான். முதலில் கிவு ஏரியில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவிடாமல் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

"நீச்சல் நல்லா வரும் அண்ணே. ஓட்டத்தை எப்படியாவது சமாளிச்சிருவேன். சைக்கிளைப் பத்தி நமக்கென்ன கவலை?" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் சைக்கிள் கிளப்பில் கூடுதலாக ஒரு பந்தய சைக்கிள் இருக்கிறது. இரண்டு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. சனிக்கிழமை காலையில் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டும்போது பின்தங்காமல் ஓட்டுகிறவனுக்குத்தான் போட்டியில் அந்த சைக்கிள் என்று பயிற்சி கொடுக்கிற தெவோத்தா சொல்லிவிட்டாள். மஹோகோ சந்தையைத் தாண்டி மேட்டு உச்சி வரை போய்த் திரும்புவார்கள். பம்பும் மாற்றுச் சக்கரமும் வைத்துக்கொண்டு கிளப்பின் பிக்கப் வண்டியில் நான் பின்னால் போவேன்.

முதல் சனிக்கிழமை அவன் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, கீழே விழுந்தான். அந்த சைக்கிளில் காலணியைப் பெடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும். முச்சந்தியில் எல்லோரும் நிற்க, இவன் காலைக் கழற்ற மறந்து, நின்றபடியே மரம் சாய்வதுபோலச் சாய்ந்தான். இரண்டாம் சனிக்கிழமை விழவில்லை. ஆனால் கூட்டத்தோடு ஒட்டவும் இல்லை. மற்றவர்கள் ஒரு சாண் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். இவன் தள்ளித் தள்ளி வந்து எதிர்காற்று முழுவதையும் தானே வாங்கிக்கொண்டான்.

"கதேரா, உனக்கும் முன்னாடி போற இவானுக்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம்ப்பா!" என்று தெவோத்தா கத்தினாள்.

"பின்னாடி ஒரு அம்மா மூட்டையோட உட்கார்ந்திருந்தா இடைவெளி விட்டுத்தானே ஓட்டணும், கோச்சக்கா?"

"இப்ப எந்த அம்மாப்பா உட்கார்ந்திருக்காங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே பார்த்தான். இவான் சிரித்த சிரிப்பில் அவன் சைக்கிளே ஆடியது. கதேரா உச்சிக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் தேநீர் குடித்து, அவித்த சர்க்கரைவள்ளியும் தின்று முடித்திருந்தார்கள். வழியில் மூன்று தடவை பிக்கப்பில் ஏறிக்கொள்ளச் சொன்னேன். ஏறவில்லை.

மூன்றாம் சனிக்கிழமைதான் வினை வந்தது. மஹோகோவில் சந்தை நாள். அன்றைக்கு எப்படியோ கூட்டத்தின் நடுவே நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தான். சாலையோரத்தில் ஒரு பெண் "ஸ்ஸ்ஸ்" என்றாள். எங்கள் ஊரில் சைக்கிள் டாக்ஸியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான், கதேராவின் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த இவான் அவன்மேல் மோதி விழுந்தான். முழங்கை தோல் உரிந்தது, சக்கரம் வளைந்தது.

அந்தப் பெண் நிதானமாக நடந்து வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். "ஏம்ப்பா, சீட்டைக் காணோமே? நான் எங்க உட்கார்றது?"

தெவோத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் கால்ல குறை இல்ல கதேரா, கையிலதான் இருக்கு. அடுத்த வாரம் யாராவது கூப்பிட்டு உன் கை பிரேக்குக்குப் போச்சுன்னா, சைக்கிளை என்கிட்டக் குடுத்துட்டுப் போயிரு. இன்னொருத்தன் எலும்பு உடையறதை நான் பார்க்க முடியாது" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. சபையில் ஜெபக் குறிப்பு கேட்டபோது அவனுடைய சின்ன மகள் எழுந்து, "எங்க அப்பா ஏரிப் போட்டியில ஓட்டப்போறாரு, எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்றாள். போதகர் எல்லோரையும் கை உயர்த்தச் சொன்னார். இருநூறு கைகள் உயர்ந்தன. கதேராவின் தலை மட்டும் குனிந்திருந்தது. சைக்கிள் கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் என்னிடம், "பண்ணின ஜெபத்தை எப்படி அண்ணே திருப்பிக் குடுக்கிறது?" என்றான்.

"திருப்பிக் குடுக்காத. கையைப் பழக்கு."

அந்த வாரம் முழுக்க, தொழிலுக்கு நடுவிலேயே, காலிச் சைக்கிளோடு போகும்போது யார் கூப்பிட்டாலும் நிற்காமல் போய்ப் பார்த்தான். வெள்ளிக்கிழமை வந்து, "ரெண்டு அம்மா என்னைச் சபிச்சாச்சு அண்ணே. கை மட்டும் இன்னும் கேக்கல" என்றான்.

சனிக்கிழமை மஹோகோவில் அவனுடைய சக டாக்ஸிக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். விஷயம் எப்படியோ பரவிவிட்டது. கூட்டம் நெருங்கியதும் பாம்புப் புற்று கலைந்தமாதிரி ஒரே "ஸ்ஸ்ஸ்". கசுங்கு என்பவன் நடுரோட்டுக்கே வந்துவிட்டான்.

"டேய் கதேரா! ரெண்டு பேரு, ஒரு ஆடு! நிறுத்து, ஏத்திக்க!"

பிக்கப்பிலிருந்து பார்த்தேன். கதேராவின் இரண்டு விரல் பிரேக்குக்கு நீண்டது. ஆண்டவரே, அந்த விரலைப் பிடித்துக்கொள்ளும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது அவன் தொண்டை கிழியக் கத்தினான்: "ஆள் இருக்கு!"

ஏற்கனவே ஆள் ஏற்றியிருந்தால் எங்கள் டாக்ஸிக்காரர்கள் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்போது நிற்காமல் போவதில் குற்றம் இல்லை, யாரும் சபிக்கவும் மாட்டார்கள். சொன்ன மாத்திரத்தில் விரல் பின்னால் வந்துவிட்டது. கசுங்கு வழியை விட்டு ஒதுங்கி, காலிச் சைக்கிளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கதேரா அன்று இவானுக்குப் பின்னால் சரியாக ஒரு சாணில் போய்க்கொண்டிருந்தான்.

சந்தை தாண்டியும் விடவில்லை. தேநீர்க்கடையில், பள்ளிக்கூட வாசலில், யார் கூப்பிட்டாலும் "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" கடைசி மேட்டில் குரலே போய்விட்டது, வாய் மட்டும் அசைந்தது. உச்சியை அடைந்தபோது கூட்டத்தில் அவன் கடைசி ஆள். ஆனால் கூட்டத்தில் இருந்தான்.

தெவோத்தா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "யாருப்பா அந்த ஆளு?"

"தெரியலக்கா" என்றான் மூச்சு வாங்க. "ஆனா மேடு முழுக்க யாரோ பின்னாடி உட்கார்ந்திருந்த மாதிரிதான் கனமா இருந்துச்சு."

சபையில் உயர்ந்த இருநூறு கைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"சைக்கிளை வீட்டுக்குக் கொண்டு போ. போட்டி முடியற வரைக்கும் உன்னோடதுதான். இறக்கத்தையும் கொஞ்சம் பழகிக்க" என்றாள் அவள்.

திரும்பும்போது மற்றவர்கள் காற்றாகப் பறந்துவிட்டார்கள். கதேரா மட்டும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு குழியையும் ஒதுக்கி ஒதுக்கி இறங்கினான். பிக்கப் டிரைவர் பொறுமை இழந்து, "அண்ணே, நடந்தே போயிரலாம் போல இருக்கே. ஒரு ஹார்ன் அடிக்கட்டுமா?" என்றார்.

"அடிக்காதீங்க" என்றேன். "மெதுவாவே வரட்டும். அந்த சைக்கிள்ல ஒரு கீறல் விழக்கூடாது அவனுக்கு."